வான மேடையின் வாசல்கள்

தென்பெண்ணை ஆறு நந்தி மலைப் பகுதியில் தோன்றி, பெங்களூரின் கீழ்ப்புறத்தைத் தொட்டு, தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்ததும் முதலில் தேங்கி நிற்பது எங்கள் கெலவரப்பள்ளி அணையில்தான். பெருநகரத்தின் கழிவைச் சுமந்து வருவதால், மழை நாள்களில் மதகடியில் வெண்ணுரை மலைபோல் பொங்குவதைப் பத்திரிகைப் படங்களில் நேயர்கள் பார்த்திருக்கக்கூடும். அணையிலிருந்து சிறிது தொலைவில் ஓசூர்த் தொழிற்சாலைகள். அவற்றின் பயனாக இப்பகுதி இளைஞர்களுக்குச் சீன தேசம் அடுத்த ஊர் போல் ஆகிவிட்டது. இயந்திரம் வாங்கவும், வாங்கியதை இயக்கக் கற்கவும் அடிக்கடி போய் வருகின்றனர். அவ்வாறு சென்று வரும் என் மகன், "இந்தத் தடவை நீங்களும் வாங்க அத்தா" என்று அழைத்தபோது நான் மறுக்கவில்லை.

பெய்ஜிங் நகரில் நான் முதலாவதாகக் காண விரும்புவது பேரரசர்களின் 'வான ஆலயம்' என்றறிந்ததும், ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் என்னோடு அணைக்கரையில் நடக்கும் அன்பர் ஒருவர், "ஹஜ்ரத், கோயில் பார்க்கவா அவ்வளவு தூரம்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. சீனம் சென்றேனும் கல்வி தேடச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வாக்கை எடுத்தோதி அவரை வாயடைக்கச் செய்திருக்கலாம். ஆனால் அது நபிமொழியென்று உறுதிப்படவில்லை என ஹதீஸ் கலை வல்லார் கூறியுள்ளனர். இமாம் இப்னுல் ஜவ்ஸீ அதனை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பிலேயே சேர்த்துவிட்டார். மேடைப் பேச்சாளர் செய்வதை மதரஸா ஆசிரியன் செய்யலாகாது. என் விடை வேறு. அது கொழும்பில் நிற்கும் ஒரு கல்.

அக்கல்லைப் பல ஆண்டுகளுக்கு முன் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் கண்டேன். 1911-ஆம் ஆண்டு, காலி நகரில், ஒரு வடிகாலின் மூடியாகக் கவிழ்ந்து கிடந்ததைப் பொறியாளர் ஒருவர் கண்டெடுத்தார். அதில் மூன்று மொழிகளில் எழுத்துகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீன அரசன் யோங்லெயின் ஏழாம் ஆட்சியாண்டு எனக் குறிக்கப்பட்டுள்ளது. கிறிஸ்து ஆண்டு 1409, ஹிஜ்ரி 811. பேரரசனின் கப்பற்படைத் தலைவர் செங் ஹோ இக்கல்லைக் கொண்டுவந்து நாட்டினார். சீன வாசகம் புத்தருக்குக் காணிக்கை கூறுகிறது. தமிழ் வாசகம் தெனாவரை நாயனாருக்கு, அதாவது இலங்கைத் தென்கோடியிலிருந்த திருமால் கோயிலுக்கு. பெரிதும் தேய்ந்துபோன பாரசீக வாசகம் அல்லாஹ்வின் பெயரால், இஸ்லாத்திற்கு. காணிக்கைப் பட்டியல்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே உள்ளன: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய், இன்னபிற.

செங் ஹோ யார்? 1371-இல் யுன்னான் மாகாணத்தில் முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 'மா' என்பது அவர் குடிப்பெயர். தந்தையார் ஹஜ்ஜுச் செய்தவர். போரில் சிறைப்பட்டு அரண்மனை ஊழியராகி, 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்களை நடத்திக் கோழிக்கோடும் ஹுர்முஸும் ஆப்பிரிக்கக் கரையும் தம் கப்பல்களுக்குத் துறைகளாகக் கொண்டவர். அவருடன் சென்ற மொழிபெயர்ப்பாளர் மா ஹுவானும் முஸ்லிமே. தெனாவரைக் கோயிலைப் பற்றி அதற்கு அறுபதாண்டுகள் முன்பே, 1344-இல் அவ்வழி சென்ற இப்னு பதூதா 'தீனவர்' என்று தம் பயணநூலில் எழுதிவிட்டார். ஆக, நாம் பள்ளியில் ஓதிய அரபு நூலில் வரும் ஓர் ஊர், தமிழெழுத்திலும் சீன நாட்டுக் கல்லிலும் நம்மை எதிர்கொள்கிறது.

என்னை அக்கல்லின்முன் நெடுநேரம் நிறுத்தியது 'நாயனார்' என்ற சொல். நம் முன்னோர் அல்லாஹ்வை 'நாயன்' என்றே அழைத்தனர். முதியோர் துஆக்களில் இன்றும் அச்சொல் வாழ்கிறது. அதே சொல் அங்கே திருமாலுக்கு. ஸலாத்தைத் தொழுகை என்றும் ஸவ்மை நோன்பு என்றும் சொன்னவர்கள் நாம். மஸ்ஜிதுக்குப் பள்ளிவாசல் என்று பெயரிட்டபோது சமணரும் பௌத்தரும் வழங்கிய சொல்லையே எடுத்துக்கொண்டோம். (எங்கள் ஊர்ப் பெயரிலுள்ள 'பள்ளி' இதுவன்று, கன்னட 'ஹள்ளி'க்கு உறவான, சிற்றூர் என்னும் பொருளுடையது. வெளியூர் அன்பர்கள் எங்கள் ஊரில் பழைய பள்ளிவாசல் ஏதோ இருந்ததாக எண்ணிக்கொண்டு கேட்பதால் இதனைச் சொல்லி வைக்கிறேன்.)

அக்கல்லை அனுப்பிய யோங்லெ அரசன்தான் பெய்ஜிங்கைத் தலைநகராக்கியவன். அரண்மனையையும் வான ஆலயத்தையும் 1406-இல் தொடங்கி 1420-இல் முடித்தவனும் அவனே. கடல்கடந்த நாட்டில் மூன்று மொழியில் பேசிய அரசன், தன் நாட்டில் தான் வணங்குவதற்கு எத்தகைய இடத்தைக் கட்டினான் என்பதைக் காணவே சென்றேன்.

முதலில் பெயரைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆங்கிலேயர் 'டெம்பிள்' என்றதால் நாமும் ஆலயம் என்கிறோம். சீனர் வழங்கும் பெயர் 'தியன் தான்'. வான மேடை அல்லது வானப் பலிபீடம் என்பதே பொருள். 273 ஹெக்டேர் பரப்பு. அரண்மனை வளாகத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. வடக்கு மதில் வளைந்தும் தெற்கு மதில் சதுரமாகவும் அமைந்துள்ளன. வானம் வட்டம், பூமி சதுரம் என்பது அவர்கள் கொள்கை. முதலில் வானத்துக்கும் பூமிக்கும் சேர்த்தே இங்கு வழிபாடு நடந்தது. 1530-இல் ஜியாஜிங் அரசன் பூமிக்கு நகரின் வடபுறத்தில் வேறு மேடை அமைத்தான். 1534 முதல் இது வானத்துக்கு மட்டும் உரிய இடமாயிற்று.

தெற்கு வாசல் வழியே நுழைந்தோம். பூங்காவுக்கு ஒரு சீட்டு, உள்மண்டபங்களையும் சேர்த்து வேறொரு சீட்டு. கண்முன் தோன்றுவது கூரையற்ற ஒரு வட்ட மேடை. மூன்றடுக்கு வெண்பளிங்கு, அதன்மேல் வானம், வேறொன்றுமில்லை. இதுதான் இவ்வளாகத்தின் இதயம். நாட்காட்டிகளில் நாம் காணும் நீலக்கூரை மண்டபம் அன்று. மேடையின் நடுவே ஒரு வட்டக்கல். அதனைச் சுற்றி முதல் வளையத்தில் 9 கற்கள், இரண்டாவதில் 18, இவ்வாறு ஒன்பதாம் வளையத்தில் 81. கீழடுக்குகளிலும் இக்கணக்கே தொடர்ந்து, இருபத்தேழாம் வளையத்தில் 243 கற்கள் உள்ளன. ஒன்பது வானத்துக்குரிய எண். நடுக்கல்லில் நின்று பேசினால் தன் குரல் தனக்கே பெருகிக் கேட்கிறது. அக்கல்லில் ஏறிப் படமெடுத்துக்கொள்ள வரிசை நின்றது. என் மகனும் நின்றான். நான் நிற்கவில்லை. அதற்குக் காரணம் பக்தியுமன்று, வெறுப்புமன்று, கால்வலி.

ஆண்டுதோறும் குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு முடியும் தறுவாயில், விடியுமுன், இம்மேடையில் பேரரசன் ஏறுவான். அரியணையில் எந்நாளும் தெற்கு நோக்கி அமர்ந்து பிறர் வணக்கத்தை ஏற்பவன், இங்கு மட்டும் வடக்கு நோக்கி நின்று, மும்முறை மண்டியிட்டு ஒன்பது முறை தலையைத் தரையில் வைப்பான். வேண்டுதல் வாசகத்தில் தன்னை அரசன் என்று சொல்லாமல் 'ஊழியன்' என்பான். அரபியில் 'அப்து' என்னும் சொல் எனக்கு நினைவு வந்தது. அவன்முன் சிலையேதும் இராது. 'விண்ணின் மேலான அதிபதி' என்ற பொருள்பட எழுதிய ஒரு பலகை மட்டும் இருக்கும்.

இதைப் படித்ததும், "அப்படியானால் இது ஏகத்துவமன்றோ!" என்று அவசரப்படும் நண்பர்கள் உண்டு, அத்தகைய கட்டுரைகளை நானும் படித்திருக்கிறேன். ஆனால் அவ்விறைப் பலகைக்கு இருபுறமும் அரசனின் முன்னோர் பலகைகள் வைக்கப்படும். மேடைக்குத் தென்கிழக்கில் பச்சைப் பளிங்கோட்டு உலையில் ஓர் இளங்காளை முழுதாக எரிக்கப்படும். சற்று வடக்கே, பலகைகளைக் காக்கும் வட்ட மண்டபத்தின் பக்க அறைகளில் சூரியன், சந்திரன், விண்மீன்கள், காற்று, மழை, இடி ஆகியவற்றுக்கும் பலகைகள் உள. விண்மீனையும் சந்திரனையும் சூரியனையும் கண்டு, மறைபவற்றை விட்டு நீங்கிய இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றை ஓதியவன், அவ்வறை வாசலில் நின்று எதனையும் எளிதாகச் சமன்படுத்திவிட முடியாது. சீன முஸ்லிம் அறிஞர்களும் அவ்வாறு சமன்படுத்தவில்லை. 1642-இல் நூல் எழுதிய வாங் தாய்யு போன்றோர் கன்பூசியக் கல்வியில் ஊறியவர்கள்; ஆயினும் அல்லாஹ்வைக் குறிக்க 'மெய்யான அதிபதி' என்னும் சொல்லையே நிலைநிறுத்தினர். ஏறத்தாழ அக்காலத்திலேயே இயேசு சபைப் பாதிரிமார், தம் கடவுளை 'வானம்' எனலாமா கூடாதா என்று தமக்குள் வழக்காடி, 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் போப்பாண்டவரின் தடை வரை கொண்டு சென்றனர். ஒரு சொல்லுக்காக நடந்த அவ்வழக்கு தனிக் கட்டுரைக்குரியது.

பலகை மண்டபத்தைச் சூழ்ந்த வட்டமதிலில் ஒருவர் மெல்லச் சொன்னால் எதிர்ப்புறத்தில் இருப்பவர்க்குக் கேட்கும் என்பர். எல்லாரும் ஒரே நேரத்தில் கூவியதால் எவர் குரலும் எவர்க்கும் கேட்கவில்லை.

அங்கிருந்து வடக்கே 360 மீட்டர் நீளமுள்ள உயர்ந்த கல்பாதை. நடுப்பட்டை வானத்துக்கு, கீழ்ப்புறம் அரசனுக்கு, மேற்புறம் பிரபுக்களுக்கு. அரசனும் நடுவில் கால் வைக்கக்கூடாது. இன்று பள்ளிப் பிள்ளைகள் நடுப்பட்டையில் ஓடுகின்றனர். பாதையின் முடிவில் நல்விளைச்சல் வேண்டும் மண்டபம்: 38 மீட்டர் உயரம், மூன்றடுக்கு நீலக்கூரை, ஆணியின்றி மரத்தோடு மரம் கோத்த கட்டடம். உள்ளே செல்ல அனுமதியில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். உள்ளே 28 தூண்கள். நடுவில் நான்கும் பருவங்களுக்கு, அடுத்த பன்னிரண்டும் மாதங்களுக்கு, புறத்தே பன்னிரண்டும் நாளின் பன்னிரு பொழுதுகளுக்கு. மொத்தத் தொகை சந்திரனின் 28 தங்குமிடங்களுக்கு. அரபு வானநூலாரின் 'மனாஸிலுல் கமர்' இருபத்தெட்டே. நம் நாட்டு வழக்கில் நட்சத்திரம் இருபத்தேழு. ஈண்டு ஒன்றைச் சொல்லவேண்டும். மிங் வமிசத்தின் முதல் அரசன் 1382-இல் முஸ்லிம் வானநூல் அட்டவணைகளைச் சீனத்தில் பெயர்க்க ஆணையிட்டான். அதன்பின் கிரகணக் கணிப்புகளைச் சரிபார்க்க முஸ்லிம் வானநூலார் அரசவையில் தலைமுறை தலைமுறையாகப் பணிபுரிந்தனர். இம்மேடையில் ஏற அவர்களுக்கு உரிமையில்லை. அதற்கு மேலிருந்த வானத்தைக் கணித்தவர்களில் அவர்களும் உண்டு.

இந்த நீலக்கூரை மண்டபம் 1420-இன் கட்டடமன்று என்பதைப் பலர் அறியார். 1889-இல் இடிவிழுந்து எரிந்து, 1896-இல் மீண்டும் எழுந்தது. முற்காலத்தில் கூரையடுக்குகள் நீலம், மஞ்சள், பச்சை என மூவண்ணமாக இருந்தன. 1751-இல்தான் மூன்றும் நீலமாயின.

மேற்குப்புறத்தில், அகழி சூழ்ந்த நோன்பு அரண்மனை. வழிபாட்டுக்கு முன் மூன்று நாள் அரசன் ஊனும் மதுவும் இசையும் பெண்டிரும் நீக்கி, குற்ற வழக்குகளையும் விசாரியாமல் தங்கியிருப்பான். யோங்செங் என்னும் அரசன் மதிலுக்கு வெளியே இரவு தங்க அஞ்சினானோ என்னவோ, 1731-இல் தன் அரண்மனைக்குள்ளேயே வேறொரு நோன்பகம் கட்டிக்கொண்டான். வானத்தின் ஊழியனுக்கும் காவல் தேவைப்பட்டது.

அக்காலத்தில் இவ்வளாகத்தில் மக்களுக்கு இருந்த பங்கு என்ன? அரசன் பரிவாரத்தோடு வரும் நாளில், வழியிலுள்ள வீடுகளின் கதவும் சாளரமும் அடைக்கப்படவேண்டும், ஓசை எழலாகாது. அவர்கள் விளைச்சலுக்காகவே வேண்டுதல். ஆயினும் அவர்கள் பார்க்கவும் கூடாது. வானத்தை வணங்குவது ஒருவனுக்கே உரிய அதிகாரம். வேறொருவன் செய்தால் அது அரசைக் கவர முனைந்த குற்றம். காலியில் தமிழனுக்கும் பாரசீகனுக்கும் அவரவர் மொழியில் காணிக்கை அறிவித்த யோங்லெ, தன் குடிமகனைச் சாளரத்துக்குப் பின்னால் நிறுத்தினான். அவன் காலிக்கு நீட்டிய கையையும் மிகைப்படுத்த வேண்டா. கல்லில் குறித்த நாளுக்கு இரண்டாண்டுகளில், 1411-இல், செங் ஹோவின் படையினர் இலங்கையில் அழகக்கோனாருடன் போரிட்டு அவரைச் சிறைபிடித்துச் சீனம் கொண்டு சென்றனர். பேரரசன் பின்னர் விடுவித்தான்.

இவ்வாசல் பிறருக்கு முதன்முதல் அகலத் திறந்த கதை இனியதன்று. அதில் நம்மவர் பங்கும் உண்டு. 1900 ஆகஸ்டில் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கைக் கைப்பற்றியபோது, பிரிட்டிஷார் வான மேடை வளாகத்தையே பாசறையாக்கினர். பிரிட்டிஷ் படை என்பது பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்களே: ராஜபுத்திரர், சீக்கியர், பஞ்சாபு முஸ்லிம்கள், வங்க ஈட்டிக் குதிரைப்படையினர். ஓராண்டில் ஓரிரவு ஒருவன் மட்டும் வணங்கிய இடத்தில் கூடாரங்களும் குதிரைகளும் நின்றன. எதிர்ப்புறத்தில் சீனத் தலைநகரைக் காத்து மடிந்தவர்களிடையே கான்சூ மாகாணத்து முஸ்லிம் வீரர்கள் இருந்தனர். இருதரப்பிலும் கலிமாச் சொன்னவர்கள்! ஏழாம் ராஜபுத்திரப் படையைச் சேர்ந்த கதாதர் சிங் என்பார், தாம் அங்கு கண்ட அழிவை மனம் நொந்து இந்தியில் ஒரு நூலாக எழுதி 1902-இல் வெளியிட்டார். தமிழர் நாம் விலக்கல்லோம். எங்கள் ஊருக்கு ஒரு மணி நேரப் பயணத்தில், பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் தலைமையகம் கொண்டுள்ள பழைய சென்னைச் சுரங்கப் படையின் போர்ச் சிறப்புகளில் 'பீகிங் 1860', 'சீனா 1900' என்னும் இரண்டும் உள்ளன. நம் மாவட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்தவர் எழுதிய கடிதமோ குறிப்போ எதுவும் என் கைக்குக் கிட்டியதில்லை. காலியில் தமிழ்க் கல்லைப் பெற்றவர்களின் வழியினர், பிறர் கட்டளைக்கு வெடிமருந்து சுமந்து, அக்கல்லை அனுப்பியவனின் தலைநகருக்குச் சென்றிருக்கின்றனர். வளாகத்துச் சைப்பிரஸ் மரங்களின் கீழ் நடந்தபோது, மேடையின் ஒன்பதும் பதினெட்டும் மறந்துவிட்டன. இதுவே மனத்தில் நின்றது.

பேரரசு 1912-இல் ஒழிந்தது. குடியரசுத் தலைவராக இருந்த யுவான் ஷிகாய், 1914 டிசம்பரில் பழைய ஆடைகளை ஒத்த உடைபுனைந்து இம்மேடையில் ஏறிச் சடங்கு நடத்தினார். மறு ஆண்டே தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டு, எதிர்ப்பால் சில திங்களில் அதனைக் கைவிட்டு, 1916 ஜூனில் மாண்டார். மேடை அதன்பின் வழிபாடு காணவில்லை. 1918-இல் பொதுமக்களுக்குப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 1998-இல் ஐக்கிய நாடுகளின் உலக மரபுச் சின்னங்களில் சேர்ந்தது.

பூங்காவைக் காணவேண்டுமானால் கிழக்கே நீண்ட தாழ்வாரத்துக்குப் போகவேண்டும். பலிப்பொருள்களை மழைபடாமல் கொண்டுசெல்ல எழுந்த அத்தாழ்வாரத்தில், முதியவர்கள் கூட்டங்கூட்டமாக அமர்ந்து சீட்டாடுகின்றனர், பின்னலிடுகின்றனர், இரு நரம்பு வாத்தியம் மீட்டி வாய்விட்டுப் பாடுகின்றனர். 3500-க்கும் மேற்பட்ட முதிய மரங்கள் சூழ நிற்கின்றன. அவற்றில் பல, சாளரம் அடைத்த காலத்தையும் கூடார காலத்தையும் பார்த்தவை. ஓசை எழலாகாது என்றிருந்த இடத்தில் இவ்வளவு ஓசை! எனக்கு அது மிகப் பிடித்திருந்தது.

நண்பகலுக்குப் பின் மேற்கே சில கல் தொலைவிலுள்ள நியூஜியே பள்ளிவாசலுக்குச் சென்றோம். 996-இல் தோன்றியதென்பது மரபு. வெளியிலிருந்து நோக்கினால் சீனக் கோயில் போன்றே வளைந்த கூரை. உள்ளே சிவந்த தூண்களில் பொன்னெழுத்தில் அரபு. ரமலான் பிறை பார்ப்பதற்கென்றே ஒரு சிறு கோபுரம். முற்றத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அங்கு அடங்கிய இரு ஷைகுமாரின் கல்லறைகள், அரபுக் கல்வெட்டுடன். அஸருக்கு நின்றபோது என் வலப்புறத்தில் ஒரு கசாப்புக் கடைக்காரர். இடப்புறத்தில் என் மகன். முடிந்ததும் அக்கடைக்காரர் கைகொடுத்து ஸலாம் சொல்லி ஏதோ கேட்டார். "ஹிந்த்" என்றேன். "ஹிந்த், ஹிந்த்" என்று தலையசைத்தார். எங்களிடையே அதற்குமேல் பொதுச்சொல் இல்லை.

விமானத்துக்கு முந்திய காலையில் மீண்டும் ஒருமுறை பூங்காவுக்குப் போனேன். கல்தளத்தில் முதியவர் ஒருவர், கம்பளவு நீண்ட தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துச் சீன எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வரி முடியுமுன் முந்திய வரி உலர்ந்துவிடுகிறது, அவர் பொருட்படுத்தவில்லை. என் தாடியையும் தொப்பியையும் பார்த்துத் தூரிகையை நீட்டினார். அரபியில் பிஸ்மியைத் தரையில் எழுதுவது முறையன்று என்று தோன்றியதால், தமிழில் 'கெலவரப்பள்ளி' என்று எழுதினேன். அவர் குனிந்து, விரலால் எழுத்துகளை எண்ணி, எட்டு என்று கைகளால் காட்டி வியந்தார். பிறகு அதன் பக்கத்தில் தம் ஊர்ப் பெயரை எழுதினார். பெய்ஜிங்குக்கு இரண்டே எழுத்துகள்தாம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, என் எட்டு எழுத்தும் உலர்வதற்குள் மகன் வந்து, வண்டி காத்திருப்பதாகச் சொன்னான்.